பதினேழாம் இலக்க வீட்டில் பதினொரு பேர்

கொட்டாஞ்சேனை
ஜனவரி 22

நாகேந்திரம் அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் நம்பரைத் திங்கட்கிழமை புளொக் பண்ணிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை தரம் எடுத்தீர்களோ தெரியாது. போனில் என்றால் நீங்கள் மெதுவாக, அழகாகக் கதைப்பீர்கள். நானும் "சரி அண்ணன், சரி அண்ணன்" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஆறு வருடமாக அப்படித்தானே நடந்தது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை தலைவர் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். அன்று பின்னேரமே அவர் பேசியதன் தமிழ் வடிவம் கட்சி ஆபீசிலிருந்து எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. கழிவுநீர் ஓடும் கானைத் திருத்துவது பற்றி இருந்தது. பிள்ளைகளை எடை நிறுத்து ஊசி போடும் கிளினிக் பற்றி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சனிக்கிழமை அதை நாற்பது பிரதி எடுத்து, எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கொடுத்தேன். "தலைவர் நம்ம ஒழுங்கையப் பத்திக் கதைச்சிருக்கார், பாருங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் நுஹா சிங்கள வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். தலைவர் கையில் ஒரு தாள். "கொழும்பு பதின்மூன்றில் ஒரு ஒழுங்கை. முப்பத்தெட்டு வீடு. இருநூற்றுப் பதினொரு பேர். ஐந்து வயதுக்குக் கீழே மட்டும் நாற்பத்து மூன்று. ஒரு வீட்டில் பதினொரு பேர். நாங்கள் எந்த இனத்துக்கும் எதிரானவர்கள் அல்ல. ஆனால் இப்படியே போனால் நம்முடைய பிள்ளைகளுக்கு இந்த நகரத்தில் இடம் இருக்குமா என்று மக்கள் கேட்கிறார்கள். கேட்பதில் என்ன பிழை?"

அது என் கணக்கு, அண்ணன். போன ஓகஸ்டில் நானே வீடு வீடாக ஏறி எடுத்தது. கைக்குழந்தையோடு வெயிலில் முக்கால் மணி நேரம் நடந்து கிளினிக் போகிற பெண்களுக்காக எடுத்தது. அதைச் சிங்களத்தில் மனுவாக்கி மாநகர சபைக்குக் கொடுப்பதாகச் சொல்லித்தான் நீங்கள் வாங்கிப் போனீர்கள். அந்த நாற்பத்து மூன்றில் குசும் அக்காவின் இரட்டைப் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிங்களப் பிள்ளைகளையும் முஸ்லிம்கள் எங்கள் தலையில் எண்ணிவிட்டார். பதினேழாம் இலக்கம் பீபி ராத்தாவின் வீடு. ராத்தாவின் தங்கச்சி வீட்டுக் கூரை இடிந்து விழுந்ததால் அவளது குடும்பமும் அங்கே வந்து கிடக்கிறது. அதுதான் பதினொரு பேர். அதையும் பக்கத்தில் எழுதித்தான் தந்தேன்.

ஒரேயொரு கேள்வி. இந்தப் பகுதி இல்லாத அந்தத் தமிழை எழுதியது நீங்கள்தானே?

மஸாஹிரா


வெள்ளவத்தை
ஜனவரி 27

அன்புள்ள மஸாஹிராவுக்கு,

கடிதம் கிடைத்தது. "இந்தக் காலத்தில ஆரப்பா கடிதம் போடுறது?" என்று மனைவி அருள்நாயகி கேட்டா. கட்சி அலுவல் என்று சொல்லி அறைக்குள் கொண்டுபோய்ப் படித்தேன்.

ஓம், தமிழ் நான் எழுதியதுதான். சிங்களத்தில் அந்தப் பகுதி இருந்தது. தமிழில் அதை நான் விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. உங்களுக்கு நோகும் என்று நானாகவே விட்டேன். உங்களைக் காப்பாற்றும் எண்ணத்தைத் தவிர வேறு எண்ணம் இருக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

கட்சியை ஒரேயடியாக வெறுக்க வேண்டாம். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். காலை எட்டரைக்கு ஊடகப் பிரிவில் கூட்டம். சுவரில் வெள்ளைப் பலகை, அதில் இரண்டு நிரல். இடப்பக்கத்தில் முதல் நாள் பேஸ்புக்கில் அதிகம் பகிரப்பட்ட வரிகள். இந்த ஒரு வருடமாக அவை பெரும்பாலும் 'விழித்தெழு' பக்கத்துடையவை. சிறுபான்மையை விரட்டச் சொல்லும் அந்தக் கூட்டம்தான் அது என்று உங்களுக்குத் தெரியும். வலப்பக்கத்தில், அதே விஷயத்தை எங்கள் தலைவர் எப்படிச் சொல்லலாம் என்பது. அவர்கள் 'படையெடுப்பு' என்று எழுதினால் நாங்கள் 'மக்களின் கவலை' என்று எழுதுவோம். அவர்கள் 'விரட்டு' என்றால் நாங்கள் 'ஒழுங்குபடுத்து' என்போம். அவர்கள் கத்துவதை நாங்கள் மெதுவாகச் சொல்கிறோம். அந்தக் கேள்வியை நாங்கள் எடுக்காவிட்டால் வாக்கு முழுக்க அவர்களிடம் போய்விடும், போனால் சிறுபான்மையின் நிலைமை இதைவிட மோசமாகும் என்று ஊடகச் செயலாளர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

உங்கள் பெயர் எங்கும் வரவில்லை. ஒழுங்கையின் பெயரும் சொல்லப்படவில்லை. இரண்டு கிழமையில் வேறு ஏதாவது கதை வரும், இதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

உங்கள் கணவர் றவூப்பையும் நுஹாவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்
சி. நாகேந்திரம்


கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 2

அண்ணன்,

மறந்துவிடுவார்கள் என்று எழுதி நீங்கள் கடிதத்தை ஒட்டிய அன்றைக்கே, 'விழித்தெழு' பக்கத்தில் எங்கள் ஒழுங்கையின் பெயர் வந்தது. பெயரோடு ஒரு பட்டியல். வீட்டு இலக்கம், அதற்கு நேரே ஆட்தொகை. 1 - 4, 2 - 6, 3 - 5 என்று கடைசிவரை. மேலே, 'தலைவர் சொல்லப் பயந்ததை நாங்கள் சொல்கிறோம்' என்று போட்டிருந்தார்கள். உங்கள் தலைவர் அவர்களிடமிருந்து எடுக்கிறார், அவர்கள் உங்கள் தலைவரிடமிருந்து எடுக்கிறார்கள். நல்ல ஒற்றுமை!

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒருவன் ஓட்ட, மற்றவன் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக எடுத்தான். பதினேழுக்கு முன்னால் நிறுத்தினான். பீபி ராத்தா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தா. "பதினொரு பேரையும் வெளியே வரச் சொல்லு, எண்ணிப் பார்ப்போம்" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்திருக்கிறான். குசும் அக்கா தும்புத்தடியோடு ஓடி வந்த பிறகுதான் போனார்கள். அடுத்த நாள் விடிய ராத்தா குடும்பத்தோடு மட்டக்குளிக்குப் போய்விட்டா. நான் முச்சக்கரவண்டியில் சாமான் ஏற்ற உதவிக்குப் போனேன். என் கையிலிருந்த பையை வாங்கித் தானே வைத்துக்கொண்டு சொன்னா:

"நீ ஏண்ட வீட்டு டீயக் குடிச்சிக்கிட்டுத் தானே எழுதின? நாங்க சொன்னத எல்லாம் எழுதின. யாருக்குக் குடுத்த, மஸாஹிரா?"

அந்தக் கேள்வியை இப்போது உங்களிடம் கேட்கிறேன். வீட்டு இலக்கத்தைத் தலைவர் வீடியோவில் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக்கு யார் கொடுத்தது?

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் தாள்களைக் கொண்டுவந்து தந்த அன்று புறக்கோட்டையில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். நீங்கள் முதல் தாளைப் பார்த்ததும் முகம் மாறி, எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தைச் சொன்னீர்கள். வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது, ஒருவன் விரலை வைத்து வாசிக்க மற்றவர்கள் வீட்டைத் தேடினார்கள், உங்கள் அப்பாவின் பெயரை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தான் என்று சொன்னீர்கள். "பேர் வேண்டாம் தங்கச்சி, இலக்கமும் வேண்டாம். வெட்டிவிடுங்கோ" என்றீர்கள். அங்கேயே கடைப் படியில் உட்கார்ந்து, பெயர்களையெல்லாம் கறுப்புப் பேனையால் வெட்டினேன். இலக்கங்களை வெட்டுவதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டது. "அது நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டு ஏறினீர்கள்.

கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்த வருடம், முஸ்லிம் என்று எங்கள் கதவைத் தட்ட ஆளில்லாமல் இருந்தது. அப்போது உங்கள் கட்சிக்காரர் வந்து, அந்தத் துவேஷக் கூட்டத்துக்கு நாங்கள் எதிரி என்று சொன்னதால்தான் நான் சேர்ந்தேன். அவர்களின் வாயைப் பார்த்துத்தான் நீங்கள் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுதுகிறீர்கள் என்று ஆறு வருடம் கழித்துக் கடிதத்தில் படிக்கிறேன்.

எனக்கு உங்கள் நியாயங்கள் வேண்டாம். ஒரு தாள் வேண்டும். அந்தக் கணக்கு கிளினிக்குக்காக எடுத்தது, பதினொரு பேர் ஏன் பதினொரு பேர், நாற்பத்து மூன்றும் யார் யாருடைய பிள்ளைகள் என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போட்டுத் தாருங்கள். மனுவை மொழிபெயர்த்த ஆள் சொன்னால் பத்திரிகைக்காரர் கேட்பார்கள். நான் சொன்னால் யார் கேட்பது? பீபி ராத்தா திரும்பி வர வேண்டும். அதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மஸாஹிரா


வெள்ளவத்தை
பெப்ரவரி 10

மஸாஹிராவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

இலக்கங்களைக் கொடுத்தது நான்தான்.

சிங்கள மனுவில் முதலில் அவற்றை நான் சேர்க்கவில்லை. வீடு 'அ', வீடு 'ஆ' என்றுதான் போட்டேன். ஊடகச் செயலாளர் பார்த்துவிட்டு, "நாகேந்திரம் மாத்தயா, இலக்கம் இல்லாத வீட்டுக்கு மாநகர சபை கிளினிக் தராது" என்றார். அது சரியாகத்தான் பட்டது. உங்கள் தாளைப் பார்த்து முப்பத்தெட்டையும் நானே தட்டச்சு செய்தேன். அது ஓகஸ்ட் மாதம். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இது சத்தியம்.

ஜனவரியில் எனக்குத் தெரியும். அதையும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் காலை, பலகையின் இடப்பக்கத்தில் 'விழித்தெழு'வின் வரி: 'நகரத்தை எண்ணிப் பாருங்கள்.' வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. செயலாளர், "எண்ணின கணக்கு எங்களிட்டயே இருக்குத்தானே" என்று சொல்லி உங்கள் மனுவை எடுத்து மேசையில் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. 'ஆலோசகர்' என்று ஓர் இளைஞன் மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வருகிறான். எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருப்பான், நல்ல மரியாதை, எனக்குத் தேநீர்கூட ஊற்றித் தருவான். அந்தப் பக்கத்தை நடத்துபவர்களில் அவனும் ஒருவன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் மனுவைப் போனில் படம் எடுத்தான். அதை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஏன் எழும்பி வரவில்லை என்று கேட்பீர்கள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அங்கே இருக்கும்வரை தமிழில் அசிங்கம் வராது என்று நினைத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எல்லாவற்றையும் வடிகட்டி, உங்களிடம் சுத்தமாகத்தான் அனுப்புகிறேன் என்ற பெருமை. நான் வடிகட்டியதால்தான் உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது என்பது இப்போது விளங்குகிறது. அப்பாவின் பெயரை வாசித்தவனின் விரல் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. முப்பத்தெட்டு இலக்கங்களைத் தட்டும்போது அது ஞாபகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியாது. வெட்கமாக இருக்கிறது, தங்கச்சி.

நீங்கள் கேட்ட தாளை எழுதி, கையெழுத்தும் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். ஒரு விஷயமும் விடவில்லை. ஒழுங்கையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பீபி அம்மாவுக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.

நாகேந்திரம்


கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 16

அண்ணன்,

உங்கள் தாள் கிடைத்தது. நல்ல தமிழ். இரண்டு தரம் வாசித்தேன். நுஹாவும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "உம்மா, இத ஏன் தமிழ்ல எழுதிருக்கார்?" என்று கேட்டாள்.

எங்கள் ஒழுங்கைக்கு இது தெரியாதா, அண்ணன்? பீபி ராத்தாவுக்குத் தன் வீட்டில் பதினொரு பேர் ஏன் என்று நீங்களா எழுதிச் சொல்ல வேண்டும்? இதை வாசிக்க வேண்டியவர்கள் தமிழ் வாசிக்கிறவர்கள் இல்லை. தலைவரின் வீடியோவைச் சிங்களத்தில் பார்த்தவர்கள், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள், அந்தப் பட்டியலைப் பகிர்ந்தவர்கள். இருபத்தாறு வருடமாக இரண்டு பாஷையிலும் எழுதிப் பிழைத்த ஆளுக்கு இந்த ஒரு தாளுக்கு மட்டும் சிங்களம் வராமல் போயிற்றா?

எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. மன்னிப்புக் கேட்கும்போதும் நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள்.

நுஹா மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் கையெழுத்து சிங்களத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தாளைத் திருப்பி அனுப்புகிறேன். முத்திரை ஒட்டி என் விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. மார்ச் நான்காம் திகதிக்கு முன் வந்தால் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மஸாஹிரா


வெள்ளவத்தை
பெப்ரவரி 25

அன்புள்ள மஸாஹிராவுக்கு,

நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் தேர்தலுக்கு இன்னும் ஒன்றரை மாதம், ஏழு கிழமைதான் இருக்கிறது. இந்த நேரத்தில் சிங்களத்தில் என் பெயரோடு ஒன்று வெளிவந்தால், 'கட்சிக்குள் இருந்த தமிழனே காட்டிக்கொடுத்தான்' என்று அந்தப் பக்கம் தூக்கிப் பிடிக்கும். அதனால் லாபம் அவர்களுக்குத்தான். உங்களுக்கும் அது நல்லதல்ல. தேர்தல் முடியட்டும். முடிந்த மறுநாளே எழுதித் தருகிறேன். இதை ஒரு வாக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அருள்நாயகியும் உங்களை விசாரித்தா.

அன்புடன்
சி. நாகேந்திரம்


கொட்டாஞ்சேனை
மார்ச் 6

நாகேந்திரம் அண்ணன்,

மார்ச் நான்கு ஏன் என்று சொல்கிறேன். நாம் கேட்ட கிளினிக் வந்துவிட்டது. மாநகர சபை சனசமூக நிலையத்தின் முன் அறையைத் தந்தது. புதன்கிழமை காலை ஒன்பதுக்குத் திறப்பு. கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது. அதற்கு முன் உங்கள் தாள் வந்திருந்தால் அதை நான்கு பேருக்குக் காட்டி, "பாருங்க, மனுவ எழுதின ஆளே உண்மையச் சொல்லிட்டார், இனிப் பயமில்ல" என்று பெண்களைக் கூட்டிப் போகலாம் என்று இருந்தேன்.

நான் எட்டரைக்கே போனேன். எல்லாம் அழகாக வைத்திருந்தார்கள். குழந்தை நிறுக்கும் தராசு, ஊசிப் பெட்டி, சுவரில் பிள்ளைப் படங்கள். நேர்ஸ் மிஸ் சின்ன வயது, நல்ல பிள்ளை. மேசையில் புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தா. எட்டிப் பார்த்தேன். தாயின் பெயர். வீட்டு இலக்கம். வீட்டில் உள்ளோர் தொகை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

நான் ஓகஸ்டில் போட்ட அதே கோடுகள், அண்ணன்.

பன்னிரண்டு மணிவரை கிளினிக் வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. குசும் அக்காகூட வரவில்லை. மூன்றாம் இலக்கத்து மருமகள் ஆறு கிழமைக் குழந்தையோடு எங்களைத் தாண்டிப் போனா, பழைய கிளினிக்குக்கு, அந்த வெயிலில். என்னைக் கண்டதும் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டா. நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? "இங்க கன பேர் ஈக்கிறாங்கன்னு சொன்னாங்களே, மிஸ்?" என்று நேர்ஸ் கேட்டா. அவ தமிழ்ப் பிள்ளை, என்னைப் பார்த்து எங்கள் முஸ்லிம் பேச்சு வழக்கில் கதைக்கப் பார்த்தா. பாவம். இன்னும் ஐந்து புதன்கிழமை பார்ப்பார்களாம். ஆள் வராவிட்டால் அறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.

உங்கள்மேல் வந்த கோபம் முதலில் பெரிதாகத்தான் இருந்தது. இப்போது அதைவிட வேறு ஒன்று நோகிறது. தலைவர் எனக்கு யார்? செயலாளர் எனக்கு யார்? பட்டியல் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். உங்களை நம்பித்தான் தாள்களை அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இன்றைக்கும் நீங்கள் 'தேர்தல் முடியட்டும்' என்கிறீர்கள். அது அந்த வெள்ளைப் பலகையின் வலப்பக்கத்தில் எழுத வேண்டிய வரி. அவர்களோடு இருந்து இருந்து உங்களுக்கு அது பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, பகல் சாப்பாட்டுக்கு முன் நானே உட்கார்ந்து எழுதினேன். சிங்களத்தில். என் சிங்கள எழுத்து உங்களுக்குத் தெரியும். கட்சிக்கு நான் எழுதின ஒவ்வொரு கடிதத்தையும் சிவப்புப் பேனையால் திருத்தித் தருவீர்களே, அதே கோணல் எழுத்துதான். நுஹா உதவிக்கு வந்தாள், விடவில்லை. கணக்கு எதற்கு எடுத்தது, யார் எடுத்தது, பதினொரு பேர் யார், நாற்பத்து மூன்று யார், எல்லாம் எழுதினேன். கட்சியிலிருந்து விலகிவிட்டேன் என்றும் எழுதினேன். கட்சிக்கு அந்தக் கணக்கை மொழிபெயர்த்தவர் யார் என்று எழுதவில்லை. பயப்பட வேண்டாம்.

கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். அதற்குக் கீழே வீட்டு இலக்கம் ஒன்பது, வீட்டில் மூன்று பேர் என்றும் போட்டேன். றவூப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பசை காய்ச்சித் தந்தார். ஒரு தாளைக் கிளினிக் கதவிலும் ஒரு தாளை ஒழுங்கை முகப்பிலும் ஒட்டினோம். இரண்டு நாளாக யாரும் கிழிக்கவில்லை. வாசிக்கிறார்கள். அடுத்த புதன்கிழமையும் நான் அந்த வாங்கில் போய் இருப்பேன்.

ஒரு பிரதி உங்களுக்கும் வைத்திருக்கிறேன். பிழைகள் இருக்கும். திருத்தி அனுப்ப வேண்டாம்.

மஸாஹிரா